கியர் மாற்றுவது கையா, கணினியா?

மன்னார்த் தீவின் தென்கரையோரம் 30 காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன. 2020 டிசெம்பரில் திறக்கப்பட்ட இலங்கை மின்சார சபையின் ‘தம்பபவனி’ அது. ஒவ்வொன்றின் வலு 3.45 மெகாவாற்று, சுழலும் அலகுகளின் வட்டம் 126 மீற்றர் விட்டம் கொண்டது. சோளகம் வீசும் மாதங்களில் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால், அலகுகள் சோம்பல் முறித்துக்கொண்டு சுற்றுவதாகத்தான் தோன்றும். நிமிடத்துக்கு 12 சுற்று என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சுற்றில் அலகின் நுனி 396 மீற்றர் ஓடுகிறது. அதாவது மணிக்கு 285 கிலோமீற்றர். அதே தீவின் நடுவே ஓடும் ஏ14 வீதியில் காருக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்ச வேகம் 70.

அந்த நுனியை முந்தக்கூடிய கார்கள் உலகில் சில உண்டு. 2021-இல் வந்த போர்ஷே 911 ஜிடி3 அவற்றில் ஒன்று. அதன் எஞ்சின் 510 குதிரைவலு தரும். நிமிடத்துக்கு 9000 சுற்று வரை போகும். வலுவை மட்டும் பார்த்தால் ஒரு மன்னார்க் காற்றாலை ஏறக்குறைய ஒன்பது ஜிடி3-க்குச் சமம். பெரிய வித்தியாசம் என்று சொல்ல முடியாது. முறுக்குவிசையைப் பார்த்தால்தான் தலை சுற்றும். ஜிடி3 எஞ்சினின் முறுக்குவிசை 470 நியூட்டன் மீற்றர். முழு வலுவில், நிமிடத்துக்கு 12 சுற்றில் திரும்பும் காற்றாலையின் தண்டிலோ அது சுமார் 27 இலட்சம். ஐயாயிரத்து எண்ணூறு மடங்கு. ஏனென்றால் வலு என்பது முறுக்குவிசையையும் சுழலும் வேகத்தையும் பெருக்கி வருவது. காற்றாலையிடம் முறுக்கு ஏராளம், வேகம் இல்லை. பந்தயக் காரிடம் வேகம் ஏராளம், முறுக்குப் போதாது. இரண்டுக்குமே நடுவில் ஒரு கியர்ப்பெட்டி தேவைப்படுகிறது, நேர் எதிரான காரணங்களுக்காக. மேலே இருப்பது மெதுவான சுழற்சியை ஏறக்குறைய நூறு மடங்கு வேகமாக்கி ஜெனரேற்றருக்குக் கொடுக்கிறது. காரில் இருப்பது வேகமான சுழற்சியை மெதுவாக்கிச் சில்லுக்குக் கொடுக்கிறது.

காரில் அதை எந்த நேரத்தில் எவ்வளவு மெதுவாக்குவது என்பதில்தான் சண்டை தொடங்குகிறது.

பெற்றோல் எஞ்சினுக்குப் பிறவிக் குறை ஒன்று உண்டு: நின்ற நிலையில் அதனிடம் எந்த முறுக்கும் கிடையாது. சுற்றினால்தான் விசை, சுற்று மிகவும் குறைந்தால் இருமி அணைந்துவிடும். அதன் முழு வலுவும் ஒரு குறுகிய எல்லைக்குள்தான் கிடைக்கும். ஜிடி3-இல் உச்ச வலு 8400 சுற்றில். தள்ளாடியிலிருந்து பாலம் தாண்டித் தலைமன்னார் வரை மேடு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் அங்கே ஓடும் ஒவ்வொரு பெற்றோல் காரும் முதல் கியர் போட்டுத்தான் புறப்படுகிறது. கியர் மலையேறுவதற்கு மட்டும் என்று நினைப்பவர்கள் இதை யோசிப்பதில்லை. எஞ்சினை அதன் நல்ல எல்லைக்குள்ளேயே வைத்திருப்பதுதான் கியரின் முதல் வேலை.

கையால் மாற்றும் பெட்டியில் இந்த வேலை மூன்று படிகளில் நடக்கும். கிளச்சை மிதித்தால் எஞ்சின் சில்லுகளிலிருந்து விலகும். தடியைத் தள்ளினால் ஒரு பல்சக்கரம் விடுபட்டு இன்னொன்று தண்டோடு பூட்டிக்கொள்ளும். கிளச்சை விட்டால் மறுபடி இணைப்பு. நடுப்படியில்தான் அழகு இருக்கிறது. பூட்டிக்கொள்ள வேண்டிய இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். அப்படியே மோதினால் பற்கள் கரகரவென்று அலறும். 1928-இல் கடிலாக் கார்களில் வந்த சின்க்ரோமெஷ் அந்த அலறலை நிறுத்தியது. பல்லோடு பல் சேர்வதற்குச் சற்று முன்னால் ஒரு கூம்பு வளையம் மறுபக்கத்தோடு உரசி, இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்கிவிடும். பழகிய கையால் மூன்று படிகளையும் அரை வினாடிக்குள் முடித்துவிடலாம். ஆனால் அந்த அரை வினாடியில் சில்லுக்கு ஒரு சொட்டு வலுவும் போவதில்லை.

பந்தயக்காரர்களுக்குப் பொறுக்காதது அதுதான். 1989-இல் பிரேசில் கிராண்ட் பிரீயில் நைஜல் மான்செல் ஓட்டிய ஃபெராரியில் கியர்த்தடி இல்லை. ஸ்டியரிங் வளையத்தின் பின்னால் இரண்டு சிறு துடுப்புகள் மட்டும். விரலால் இழுத்தால் ஹைட்ரோலிக் அழுத்தம் கிளச்சையும் கியரையும் பார்த்துக்கொள்ளும். முதல் ஓட்டத்திலேயே அந்தக் கார் வென்றது. சில ஆண்டுகளுக்குள் ஃபோர்முலா வண்ணில் கியர்த்தடி மறைந்தே போனது.

இரட்டைக் கிளச் யோசனை அதற்கும் பழையது. பிரெஞ்சுப் பொறியியலாளர் அடோல்ஃப் கேக்ரெஸ் 1939-லேயே அதை எழுதிவைத்தார். 1980-களில் போர்ஷே தன் பந்தயக் கார்களில் ஓட்டிப் பார்த்தது. 2003-இல் வொல்க்ஸ்வாகன் அதைச் சாதாரண வாடிக்கையாளருக்கு விற்றது. ஒற்றைப்படைக் கியர்களுக்கு ஒரு தண்டு, ஒரு கிளச். இரட்டைப்படைக் கியர்களுக்கு இன்னொரு தண்டு, இன்னொரு கிளச். மூன்றாம் கியரில் ஓடும்போதே நான்காம் கியர் பூட்டப்பட்டுத் தயாராக நிற்கும். மாற்றும் கணத்தில் ஒரு கிளச் விடுவதும் மற்றது பிடிப்பதும் ஒன்றன்மேல் ஒன்றாக நடக்கும். கரைவலைக் கயிற்றை இழுப்பவர் பின்கை பிடித்த பிறகே முன்கையை விடுவார். கயிறு ஒரு நொடியும் தளராது. அப்படித்தான் இங்கே வலு தளராமல் போகிறது.

பலன் என்ன? ஜிடி3-ஐ இரண்டு விதமாகவும் விற்றார்கள். இரட்டைக் கிளச் பெட்டியோடு நிலையிலிருந்து 100 கிலோமீற்றர் வேகம் எடுக்க 3.4 வினாடி, கைக் கியரோடு 3.9. கைக் கியர்க் கார் 17 கிலோ இலேசு, உச்ச வேகமும் 320 என்று இரண்டு கிலோமீற்றர் கூடுதல். இருந்தும் தொடக்கத்தில் அரை வினாடி பின்தங்குகிறது. வேகம் ஒன்றே கேள்வி என்றால் பதில் எழுதி முடிந்துவிட்டது, மேலே வாசிக்கத் தேவையில்லை.

ஆனால் இரட்டைக் கிளச்சுக்குள் ஒரு சூதாட்டம் இருக்கிறது. அடுத்த கியரைத் தயாராக வைப்பதென்றால் ஓட்டுபவர் அடுத்து என்ன செய்வார் என்று கணினி ஊகிக்க வேண்டும். வேகம் ஏறுகிறதா, மேல் கியரைப் பூட்டி வைக்கும். பிரேக் மிதிபடுகிறதா, கீழ் கியரை. ஊகம் சரியென்றால் மாற்றம் கண்ணிமைக்கும் நேரம். ஐந்தாம் கியரில் நிதானமாகப் போகும்போது, முன்னால் போகும் பஸ்ஸை முந்தத் திடீரென ஆக்ஸிலேற்றரை அழுத்தினால், வேண்டியது மூன்றாம் கியர். ஐந்தும் மூன்றும் ஒரே தண்டில். நேரே தாவ முடியாது. நான்கின் வழியாகப் போக வேண்டும், அல்லது வலுவை ஒரு கணம் விட வேண்டும். கைக் கியர்க்காரர் அந்த பஸ்ஸை அரைக் கிலோமீற்றர் முன்னரே பார்த்து மூன்றுக்கு இறங்கியிருப்பார். கணினிக்குச் சில்லின் வேகம் தெரியும், வீதி தெரியாது.

இந்தப் பந்தயத் தொழில்நுட்பம் மன்னார் வீதிக்கும் வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. பலர் அறியாமலே அதை ஓட்டுகிறார்கள். இலங்கையில் எங்கும் காணும் ஹொண்டா வெசல் ஹைபிரிட், ஃபிட் ஜிபி5 இரண்டிலும் இருப்பது மின்மோட்டாரோடு சேர்த்த ஏழு கியர் இரட்டைக் கிளச் பெட்டி. 2013 செப்டெம்பரில் ஜப்பானில் வெளியான ஃபிட் ஹைபிரிட், 2014 ஒக்டோபருக்குள் ஐந்து முறை நிறுவனத்தால் திரும்ப அழைக்கப்பட்டது. அவற்றுள் சில இந்தப் பெட்டியை ஆளும் மென்பொருளுக்காக. இவ்வகைப் பெட்டிகளுக்குப் பொதுவான பகை வெக்கை. எண்ணெயில் குளிக்காத உலர் கிளச், ஊர்ந்து போகும்போது பாதி பிடித்தும் பாதி விட்டும் உரசிக்கொண்டே இருக்கும். ஓகஸ்ட் மடுத் திருவிழாவுக்கு வாகனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகரும் வெயிலையும், மன்னார்ப் பட்டணத்தில் கழுதைக் கூட்டம் வீதியை விட்டு நகர மறுக்கும் நேரத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். பந்தயத் திடலில் சிங்கமான பெட்டி வாட்டமடைவது இங்கேதான்.

சரி, நிஜமான பந்தயக் காரில் என்ன இருக்கிறது? 2025 ஜனவரியில் துபாய் 24 மணிநேரப் போட்டியில் நடிகர் அஜித் குமாரின் அணி 992 பிரிவில் மூன்றாமிடம் பெற்றது. அந்த போர்ஷே 911 ஜிடி3 கப் காரில் இரட்டைக் கிளச் இல்லை, சின்க்ரோமெஷ்கூட இல்லை. ஒன்றன்பின் ஒன்றாக மட்டுமே ஏறி இறங்கும் ஆறு கியர்கள். பல்லுக்குப் பதில் இடைவெளி விட்ட தடித்த கொக்கிகள். துடுப்பை இழுத்ததும் எஞ்சின் ஒரு கணம் மூச்சை அடக்கும், அந்த இடுக்கில் கொக்கி அறைந்து பூட்டும். சத்தமும் உதறலும் உண்டு. ஆனால் இலேசு, உறுதி, பழுதானால் கழற்றிப் பார்க்கலாம்.

கவனித்தால், இங்கே கேள்வியே இரண்டாகப் பிளக்கிறது. எப்போது மாற்றுவது என்று தீர்மானிப்பது யார்? மாற்றும் வேலையைச் செய்வது யார்? கைக் கியரில் இரண்டும் மனிதன். வழக்கமான ஓட்டோ கியரில் இரண்டும் இயந்திரம். பந்தயத்தில் தீர்மானம் மனிதனுக்கு, வேலை இயந்திரத்துக்கு. ஃபோர்முலா வண் இந்த எல்லையைச் சட்டமாகவே ஆக்கியது: 2004 முதல் தானாக மாறும் கியருக்குத் தடை. 2005-இல் நாராயண் கார்த்திகேயன் ஜோர்டான் அணிக்கு ஓட்டியபோது, ஒவ்வொரு மாற்றத்துக்கும் கட்டளை அவர் விரலிலிருந்தே போக வேண்டியிருந்தது. அதற்கு முன் 1993-இல் வில்லியம்ஸ் அணி படிகளே இல்லாத சிவிடி பெட்டியைச் சோதித்தது. எஞ்சின் ஒரே உச்சச் சுற்றில் நிற்க, விகிதம் மட்டும் வழுக்கிக்கொண்டே மாறும். அடுத்த பருவத்துக்குள் தடை வந்துவிட்டது. இன்று அதே கொள்கை வகன் ஆரில் ஒரே சுருதியில் முனகிக்கொண்டு நம் ஒழுங்கைகளில் ஓடுகிறது.

வெசலும் ஜிடி3-ம் சண்டை போடும் இந்தப் பிரச்சினையை, அண்ணாந்து பார்த்த காற்றாலை எப்படித் தீர்த்தது? அதன் பெட்டிக்குள் கோள் கியர்கள்: நடுவில் ஒரு சூரியச் சக்கரம், சுற்றிலும் கோள்கள், வெளியே ஒரு வளையம். இலட்சக்கணக்கான நியூட்டன் மீற்றரை ஒரே பல்லில் ஏற்றினால் உடையும். கோள்கள் சுமையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. (டொயோட்டா பிரியஸின் பெட்டிக்குள்ளும் இருப்பது இதே கோள் கியர்தான். அங்கே அது எஞ்சினையும் இரண்டு மோட்டார்களையும் இணைக்கிறது. மாற்றுவதற்குக் கியர் என்று எதுவும் அதில் இல்லை.) ஆனால் காற்றாலையின் விகிதம் மாறாதது. சோளகம் ஏறினாலும் இறங்கினாலும் ஒரே கியர். மாற்றத்தை அது இரண்டு பக்கத்துக்கும் தள்ளிவிட்டது: ஒரு பக்கம் அலகுகள் தம் கோணத்தைத் திருப்பிக் காற்றை அளவாக எடுக்கின்றன. மறுபக்கம் மின்னணுச் சாதனம் எந்தச் சுற்றில் வந்த மின்சாரத்தையும் 50 ஹேர்ட்ஸாக்கி வலையமைப்புக்கு அனுப்புகிறது. அந்தக் காற்றாலைகள் மன்னாருக்கு நல்லதா என்று மீனவரிடமும் பறவை ஆர்வலரிடமும் கேட்டால் வரும் பதில் வேறு. அது தனிக் கட்டுரை. கியர்க் கணக்கில் மட்டும் அது ஒரு அழகான விடை.

மின்சாரக் கார் எடுத்ததும் அதே விடையைத்தான். மின்மோட்டாருக்கு அந்தப் பிறவிக் குறை இல்லை. நின்ற நிலையிலேயே முழு முறுக்கும் தரும். அதனால் பெரும்பாலானவற்றில் ஒரே விகிதம். போர்ஷே டைகான் போன்ற சில மட்டும் பின் அச்சில் இரண்டு கியர் வைத்திருக்கின்றன, புறப்பாட்டுக்கு ஒன்று, நெடும் வேகத்துக்கு ஒன்று. வேடிக்கை 2023-இல் வந்த ஹியுண்டாய் அயோனிக் 5 என்-இல். இல்லாத எட்டுக் கியரை அது நடிக்கிறது. துடுப்பை இழுத்தால் கார் ஒரு உதறு உதறும், ஒலிபெருக்கி எஞ்சின் போல உறுமும். நேரத்துக்கு மேல் கியருக்குப் போகாவிட்டால் கற்பனை எல்லையில் முட்டி வலுவை வேண்டுமென்றே நிறுத்தும். மாற்றும் வேலை எதுவுமில்லாத காரில், தீர்மானத்தை மட்டும் ஓட்டுபவருக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். அதை அணைத்துவிடவும் முடியும்.

இதைக் கோமாளித்தனம் என்று நான் ஒதுக்க மாட்டேன். போர்ஷேக்கும் இதே பாடம் கிடைத்தது. 2013-இல் ஜிடி3-ஐ இரட்டைக் கிளச்சில் மட்டும் விற்றார்கள். 2016-இல் கைக் கியரோடு 911 ஆர் என்று 991 கார்கள் மட்டும் செய்தபோது, வாங்க அடிபிடிப்பட்டார்கள். அடுத்த ஆண்டே ஜிடி3-க்குக் கைக் கியர் திரும்பி வந்தது, அரை வினாடி மெதுவாக இருந்தும்.

மன்னாரில் ஒருவர் வேகத்துக்கு ஆசைப்பட்டுப் பழைய கார் ஒன்று தேடினால், என் வாக்கு கைக் கியர் உள்ள சிறிய ஸ்விஃப்டுக்கு. எழுபதுக்கு மேல் போகக்கூடாத வீதியில் 3.4-க்கும் 3.9-க்கும் வித்தியாசம் இல்லை. கிளச் தட்டுத் தேய்ந்தால் பட்டணத்துக் கராஜிலேயே மாற்றிவிடலாம். இரட்டைக் கிளச் மக்கர் பண்ணினால் கணினி வைத்துப் பார்க்கத் தெரிந்தவரைத் தேட வேண்டும், கொழும்பு முந்நூறு கிலோமீற்றர்.