லூசில் பால்: ஒத்திகையில் பிறந்த சிரிப்பு

நகைச்சுவையில் கொடிகட்டிப் பறந்தவர்களைப் பிறவிக் கலைஞர்கள் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அமெரிக்கத் தொலைக்காட்சியின் முதல் தலைமுறை நட்சத்திரங்களில் ஒருவரான லூசில் பாலைப் பற்றியும் அப்படிப் பேசுவோர் உண்டு. அது அவருடைய உழைப்பை மறைக்கும் பாராட்டு என்றே நினைக்கிறேன். 1911இல் நியூயார்க் மாநிலத்தின் ஜேம்ஸ்டவுனில் பிறந்தவர், மூன்று வயதில் டைபாய்டுக்குத் தந்தையைப் பறிகொடுத்தவர். பதின்வயதில் சேர்ந்த நாடகப் பள்ளி, இந்தப் பெண்ணுக்கு நடிப்பு வராது என்று திருப்பி அனுப்பியது. 1933இல் ஹாலிவுட்டுக்குப் போன பிறகும் கிடைத்தவை பெரும்பாலும் துணை வேடங்களும் குறைந்த செலவுப் படங்களுமே. ‘ஐ லவ் லூசி’ தொடர் 1951 அக்டோபர் 15 அன்று தொடங்கியபோது அவருக்கு வயது 40. பிறவியிலேயே கைவந்த கலை என்றால் அது வெளிப்பட அத்தனை ஆண்டுகள் ஏன் பிடித்தன? அந்த ஆண்டுகளில் அவர் கற்றுக்கொண்டிருந்தார். மௌனப்பட மேதை பஸ்டர் கீட்டன், மேடைப் பொருள்களை வைத்துக்கொண்டு சிரிக்கவைக்கும் வித்தையை அவருக்குச் சொல்லித்தந்தார். 1948 முதல் 1951 வரை நடித்த வானொலித் தொடரில், எதிரே உட்கார்ந்திருக்கும் கூட்டத்தின் சிரிப்புக்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது பிடிபட்டது.

‘ஐ லவ் லூசி’யில் 1952இல் வந்த ஒரு காட்சியைப் பார்த்தாலே இந்த உழைப்பு விளங்கும். அவர் ஏற்ற பாத்திரமான லூசி ஒரு சத்து டானிக் விளம்பரத்தில் நடிக்கிறாள். டானிக்கில் ஆல்கஹால் கலந்திருப்பது அவளுக்குத் தெரியாது. ஒவ்வோர் ஒத்திகைக்கும் ஒரு கரண்டி விழுங்க வேண்டும். முதல் கரண்டியில் முகம் கோணுகிறது. அதை மறைத்துக்கொண்டு புன்னகைக்கப் பார்க்கிறாள். அடுத்தடுத்த கரண்டிகளில் கசப்பு குறைகிறது, கண் சொக்குகிறது, வசனத்தில் ஒரு சொல் இடம் மாறுகிறது, பிறகு வாக்கியமே குழைகிறது. சொல்லப்படுவது ஏறக்குறைய அதே விளம்பர வசனம்தான். போதை எந்த வரியில் எவ்வளவு ஏற வேண்டும் என்பதை ராகத்தைப் படிப்படியாக விரிக்கும் பாடகரைப் போல லூசில் தீர்மானித்து வைத்திருக்கிறார். ஒரு படி முந்தினாலும் அது வெறும் குடிகாரக் கூத்தாகிவிடும். அந்தக் கணக்கு நாள்கணக்கில் செய்த ஒத்திகையில் கிடைத்தது.

அப்படி ஒத்திகை பார்த்ததைச் சிந்தாமல் பதிவு செய்யவும் ஒரு வழி வேண்டியிருந்தது. அன்றைய அமெரிக்க நிகழ்ச்சிகளில் பல நியூயார்க்கிலிருந்து நேரலையாகப் போயின. நேரலை எட்டாத ஊர்களுக்கு, திரையில் ஓடுவதையே படம்பிடித்த மங்கலான பிரதிதான் கிடைக்கும். லூசிலும், அவருடைய கணவரும் கியூபாவில் பிறந்த இசைக்குழுத் தலைவருமான டெசி ஆர்னாஸும் ஹாலிவுட்டை விட்டு வர மறுத்தார்கள். சினிமாச் சுருளிலேயே எடுக்கிறோம், கூடுதல் செலவுக்கு ஈடாகச் சம்பளத்தைக் குறைத்துக்கொள்கிறோம், படச்சுருளின் உரிமை எங்களுக்கு என்று பேசி முடித்தார்கள். ‘மெட்ரோபோலிஸ்’ படத்தின் ஒளிப்பதிவாளர்களில் ஒருவரான கார்ல் ஃபிராய்ண்ட், மூன்று கேமராக்களும் ஒரே நேரத்தில் ஓடத் தக்கபடி மேலிருந்து சீராக விழும் வெளிச்சத்தை அமைத்தார். பல கேமராக்களில் படமெடுப்பது அதற்கு முன்பும் முயலப்பட்டதுதான். ஆனால் பார்வையாளர்கள் முன்னால் நாடகம்போல வரிசையாக நடித்து, அதைச் சினிமாத் தரத்தில் பதிவு செய்யும் முறையை நிலைநிறுத்தியது இந்தத் தொடர். லூசிலின் நகைச்சுவைக்கு இதுவே உயிர்நாடி. கூட்டம் சிரிக்கும்போது அவர் காத்திருப்பார். அந்தக் காத்திருப்பும் சுருளில் பதிவானது.

1952இல் அவர் கருவுற்றபோது கதையிலும் லூசியைக் கர்ப்பிணியாக்கினார்கள். கர்ப்பம் என்ற சொல்லையே திரையில் உச்சரிக்கக் கூடாது என்று தொலைக்காட்சி நிறுவனம் நிபந்தனை போட்ட காலம். 1953 ஜனவரி 19 அன்று கதையில் குழந்தை பிறந்ததைச் சுமார் 4 கோடியே 40 லட்சம் பேர் பார்த்தார்கள். நிஜத்திலும் அன்றுதான் மகன் பிறந்தான். அவர் ஓய்விலிருந்த நாள்களில் பழைய எபிசோடுகளை மறுபடியும் போட்டார்கள். மக்கள் சலிக்காமல் பார்த்தார்கள். ஓடி முடிந்த தொடரும் சொத்துதான் என்று தொழில் உலகம் புரிந்துகொண்டதில் இதற்குப் பெரும் பங்குண்டு.

வியாபார மூளை டெசியுடையது, நகைச்சுவை எழுத்தாளர்களுடையது, பிறகு லூசிலுக்கு என்ன பெருமை என்று கேட்பவர்கள் உண்டு. முதல் இரண்டையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எழுத்தாளர்களுக்கான பெருமையை அவரே வெளிப்படையாகச் சொல்லிவந்தார். ஆனால் 1960இல் நடந்த மணமுறிவுக்குப் பின், 1962இல் டெசியின் பங்கை விலைக்கு வாங்கி, இருவரின் தயாரிப்பு நிறுவனமான டெசிலூ ஸ்டூடியோவின் தலைமைப் பொறுப்பை ஏற்றது, 1966இல் ‘ஸ்டார் டிரெக்’, ‘மிஷன்: இம்பாசிபிள்’ தொடர்களுக்குத் துணைநின்றது ஆகியவை டெசி இல்லாத காலத்து நிகழ்வுகள். இதைவிடக் கனமான குற்றச்சாட்டு வேறு: மனைவி என்றால் அசடு, கணவன் அடக்கவேண்டியவள் என்ற எண்ணத்தைத் தொடர் வளர்த்தது என்பது. கணவன் மனைவியை மடியில் போட்டு அடிப்பதையே வேடிக்கையாகக் காட்டிய எபிசோடுகள் இருக்கின்றன. அவற்றுக்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன். ஆயினும் இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெண்களை வீட்டுக்குள் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த சமூகத்தில், வீடு போதாது என்று வாரந்தோறும் வெளியே கிளம்பிய பெண் லூசி. தோற்றுத் திரும்பினாள் என்பது உண்மை. அடுத்த வாரமும் கிளம்பினாள் என்பதும் உண்மை. கூட்டம் அவள் பக்கம்தான் நின்றது.

1986இல், 75 வயதில், பழைய எழுத்தாளர்கள் சிலருடன் அவர் நடித்த புதிய தொடர் இரண்டே மாதத்தில் நிறுத்தப்பட்டது. உழைப்பும் ஒத்திகையும்தான் காரணம் என்றால் அப்போது ஏன் தோற்றார்? அவருடைய கருவி உடல். ‘ஐ லவ் லூசி’ தொடருக்காகத் திராட்சைத் தொட்டியில் இன்னொரு பெண்ணோடு கட்டிப்புரண்டபோது அவருக்கு 40களின் நடுப்பகுதி. அதே வகைக் குறும்பைப் பாட்டி வயதில் செய்தபோது, விழுந்துவிடுவாரோ என்ற கவலை சிரிப்பை முந்திக்கொண்டது. நேரக்கணிப்பு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், பதறுகிற பார்வையாளரைச் சிரிக்கவைக்க முடியாது.