வேர் காலி பண்ணிய கதை

மயிலாப்பூர் மாடவீதி முறுக்கு. கடித்தேன். 'நறுக்'! உடைந்தது என் பல். வேர் மட்டும் வாடகை தராத குடித்தனக்காரன் மாதிரி ஈறுக்குள்ளேயே!

அப்பாவுக்கு உளி, சுத்தியல் வைத்து வேரெடுத்த கதை கேட்டு வளர்ந்தவன் நான். பயத்தில் ஆறு மாசம் ஓட்டினேன். கன்னம் பன்னாக வீங்கியதும் தி.நகர் டாக்டரிடம் ஓட்டம்.

"எலும்பைக் குடைவீங்களா சார்?"

"முதல்ல வீக்கம் வடியட்டும்" என்று மாத்திரை கொடுத்தார். அடுத்த வாரம், மரத்துப்போக ஊசி. பிறகு பெரியோடோம் என்ற மெல்லிய கத்தி. வேரையும் எலும்பையும் இணைக்கும் நார் சுமார் 0.2 மில்லிமீட்டர்தான். அதைச் சுற்றிலும் அறுத்தார். வேர் தளர்ந்து வெளியே!

"எலும்போட ஒட்டிப்போன வேருன்னா குடையத்தான் வேணும். உங்களுக்கு எலும்பு தப்பிச்சுது, இம்ப்ளான்ட் வைக்கலாம்."

பர்ஸ் இளைத்தவர்களுக்குக் கோட்டை ஸ்டேஷன் எதிரே அரசு பல் மருத்துவமனை இருக்கிறது; 1953-லிருந்து. முறுக்கைக் குறை சொல்லாதீர்கள். வீங்கியது பயத்தால்!