மாடிப்படியும் மண்டையோடும்

காரியாலயத்து மாடிப்படியில் ஒரு சிப்பந்தி விழுந்துவிட்டால், "பார்த்து இறங்கக் கூடாதா?" என்ற ஒரே கேள்வியோடு நம் விசாரணை முடிந்துவிடுகிறது. ஆனால், இறங்குகிறவருடைய கால் முதல் இரண்டொரு படிகளிலேயே உயரத்தைக் கிரகித்துக்கொண்டு, அதன்பின் கண்ணின் தயவை எதிர்பாராமல் அந்த அளவை நம்பியே இயங்குகிறது என்பதையும், கொத்தனாரின் அசட்டையால் நடுவே ஒரு படி அரை அங்குலம் தாழ்ந்திருந்தாலும் அந்த நம்பிக்கை மோசம் போகிறது என்பதையும் சிந்தித்தால், பழி முழுவதையும், ஏற்கெனவே அடிபட்டிருக்கும் அவர் தலைமீதே சுமத்துவது நியாயமென்று தோன்றாது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு, படிகள் உறுதியாகவும், வழுக்கும் பொருளோ இடைஞ்சலோ இன்றியும் இருக்கவேண்டுமென்று விதித்ததோடு, தேவையான இடத்தில் கைப்பிடியையும் கேட்டது. காகிதக் கட்டுகளை மாடிப்படியிலேயே அடுக்கி வைக்கும் நம் வழக்கத்தை அது ஒழித்துவிடவில்லை.

விழுந்தபின் நடப்பதுதான் விபரீதம். நெற்றிப்பொட்டை ஒட்டிய எலும்பு மெல்லியது. அதன் உட்புறமாகவே ஒரு தமனி ஓடுகிறது. படியின் விளிம்பில் மோதி அவ்வெலும்பு விரிசல் கண்டால், தமனி கிழிந்து, எலும்புக்கும் மூளையின் மேலுறைக்கும் நடுவே ரத்தம் தேங்கத் தொடங்கும். ஆயினும், கணநேரம் பிரக்ஞை தப்பியவர்கூட எழுந்து, சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, யாரோ வாங்கிவந்த சோடாவைக் குடித்து, "ஒன்றுமில்லை சார்" என்று நாற்காலிக்குத் திரும்பிவிடுவது உண்டு; அவரோடு பேசிச் சிரிக்கும் சகாக்களுக்கு, அந்த நேரமெல்லாம் உள்ளே மூளை நெருக்குண்டு வருகிறது என்று எப்படித் தெரியும்? சில மணி நேரத்தில் தலைவலி மிகுந்து, வாந்தி கண்டு, தூக்கக் கலக்கம் மேலிடுகிறது. "சற்றுப் படுத்திருக்கட்டும்" என்று விளக்கை அணைத்துவிடுகிற அன்புதான், என் அபிப்பிராயத்தில், அவருக்கு நேரும் பேராபத்து. அச்சமயம் சி.டி. ஸ்கேனும் அறுவைச் சிகிச்சையும் தாமதமின்றிக் கிட்டினால் பிழைப்பவர் பலர்.

கிளாஸ்கோ நகரத்து டீஸ்டேல், ஜென்னெட் என்ற மருத்துவர்கள் 1974-இல் வகுத்த அளவுகோல், கண் திறத்தல், பேச்சு, அங்க அசைவு ஆகிய மூன்றுக்கும் மதிப்பெண் இட்டு, பூரணத் தெளிவுக்கு 15-ம் ஆழ்ந்த மயக்கத்துக்கு 3-ம் தருகிறது. 15 பெற்றவரையும் திரும்பத் திரும்பச் சோதிப்பது, அது இறங்குகிறதா என்று பார்க்கத்தான்.

வயோதிகரான இரவுக் காவலர் விழுந்தால் கதை வேறு. மூளை சற்றே சுருங்கிய வயதில் சிறு ரத்த நாளங்கள் இழுபட்டு அறுந்து, ரத்தம் வாரக்கணக்கில் கசியலாம். ரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்பவருக்கு அபாயம் அதிகம். மறதியும் தள்ளாட்டமும் தோன்றும்போது, வீட்டார் அதை வயதின் கோளாறென்று நினைப்பார்களேயன்றி, சென்ற மாதத்துப் படியை நினைப்பதில்லை. விழுந்த நேரத்தையும் இடத்தையும் விபத்துப் பதிவேட்டில் அன்றே எழுதிவிடுவது, காப்பீட்டு நிவாரணத்துக்கு மட்டுமன்றி, "எப்போது விழுந்தார்? நினைவு தப்பியதா?" என்று பின்னால் கேட்கப்போகும் மருத்துவருக்கும் உபயோகப்படும்.