மறந்து போகிறதா? கவலை வேண்டாம்!

வயது வந்தவர்கள் படிக்க எளிய வழி

“ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?”

இது பழைய பழமொழி. வயது வந்த ஒருவர் பாடப் புத்தகத்தைக் கையில் எடுத்தால் போதும். யாராவது ஒருவர் இந்தப் பழமொழியைச் சொல்லிவிடுவார்!

ஒரு நர்சை நினைத்துப் பாருங்கள். வயது 40. ஆஸ்பத்திரியில் 15 ஆண்டு வேலை பார்த்தவர். புதிதாக வரும் நர்சுகளுக்கு வேலை கற்றுக்கொடுக்கும் பொறுப்பு அவரிடம் வருகிறது.

அவருக்கு ஊசி போடத் தெரியும். ஆனால் ஊசி போடக் கற்றுக்கொடுக்கத் தெரியுமா? அது வேறு வித்தை. அதற்கென்று ஒரு படிப்பு இருக்கிறது. அதில் அவர் சேருகிறார்.

பகல் முழுவதும் வேலை. மாலையில் சமையல். பிறகு பிள்ளைகளின் பாடம். ஞாயிற்றுக்கிழமைதான் அவருக்கு ஓய்வு. அன்று 4 மணி நேரம் உட்கார்ந்து படிக்கிறார். வரிக்கு வரி சிவப்புப் பென்சிலால் கோடு போடுகிறார். படித்ததையே திரும்பத் திரும்பப் படிக்கிறார். “எல்லாம் புரிந்துவிட்டது” என்று மகிழ்ச்சி அடைகிறார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறது. போன வாரம் படித்ததை நினைத்துப் பார்க்கிறார். பாதிக்கு மேல் மறந்து போய்விட்டது!

“இந்த வயதில் எனக்குப் படிப்பு ஏறாது” என்று புத்தகத்தை மூடி வைத்துவிடுகிறார்.

தவறு அவருடைய வயதில் இல்லை. அவர் படித்த முறையில் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், சரியான முறை எது என்பது அவர் சேர்ந்த படிப்பிலேயே சொல்லப்படுகிறது!

பாடம் வகுக்கும் கலை

அது என்ன படிப்பு?

எதை முதலில் சொல்வது? எதைப் பிறகு சொல்வது? எப்போது செய்து பார்க்கச் சொல்வது? எப்போது சோதிப்பது? இவற்றைத் திட்டம் போட்டுச் செய்வதுதான் பாடம் வகுக்கும் கலை.

2-வது உலகப் போரின்போது இந்தக் கலை வேகமாக வளர்ந்தது. அமெரிக்கப் படையில் லட்சக்கணக்கான பேர் சேர்ந்தார்கள். நேற்று வரை வயலிலும் கடையிலும் வேலை செய்தவர்கள் அவர்கள். அவர்களுக்குக் குறைந்த காலத்தில் புதிய தொழில்களைக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. எனவே, மனோதத்துவ நிபுணர்களின் உதவியை நாடினார்கள்.

அப்போது படையில் பணி புரிந்தவர்களில் ஒருவர் ராபர்ட் கான்யே. கற்பது எப்படி நடக்கிறது என்று அவர் ஆராய்ந்தார். 1965-ம் ஆண்டு அதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார்.

பாடம் நடத்த அவர் 9 படிகள் வகுத்தார். கற்பவரின் கவனத்தை இழுப்பது முதல் படி. எதற்காகக் கற்கிறோம் என்று சொல்வது 2-வது படி. முன்பே தெரிந்ததை நினைவுபடுத்துவது 3-வது படி. அதன் பிறகுதான் பாடத்தைச் சொல்ல வேண்டும். அது 4-வது படி. வழி காட்டுவது, செய்து பார்க்கச் சொல்வது, சரியா தவறா என்று சொல்வது, சோதிப்பது, மறக்காமல் நிலைக்கச் செய்வது ஆகியவை மீதி 5 படிகள்.

9 படிகளில் பாடத்தைச் சொல்வது ஒரே ஒரு படிதான்! புத்தகத்தைப் படித்த நர்சு அந்த ஒரு படியில் மட்டும் 4 மணி நேரம் நின்றுவிட்டார். செய்து பார்க்கவில்லை, தன்னைச் சோதிக்கவும் இல்லை.

மறதிக்குக் கணக்கு

மறதி முதுமையின் நோய் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு.

ஜெர்மனியில் ஹெர்மன் எபிங்காஸ் என்று ஓர் அறிஞர் இருந்தார். மறதியை அளந்து பார்க்க அவர் ஆசைப்பட்டார். சோதனைக்கு வேறு ஆளைத் தேடவில்லை. தம்மையே சோதித்துக்கொண்டார். ஆராய்ச்சியைத் தொடங்கியபோது அவருக்கு வயது ஏறத்தாழ 30.

பொருள் இல்லாத சுமார் 2,300 அசைகளை அவர் உண்டாக்கினார். அவற்றை வரிசை வரிசையாக மனப்பாடம் செய்தார். சிறிது காலம் கழித்து அதே வரிசையை மறுபடியும் மனப்பாடம் செய்தார். முதல் தடவையைவிட எவ்வளவு உழைப்பு மிச்சம் என்று கணக்குப் பார்த்தார். எவ்வளவு மிச்சமோ அவ்வளவு மனதில் நிற்கிறது என்று பொருள்.

20 நிமிடம் கழித்து 100-க்கு 58 பங்கு மிச்சம். 1 நாள் கழித்து 34 பங்கு. 31 நாள் கழித்து 21 பங்கு. 1885-ம் ஆண்டு இதை நூலாக வெளியிட்டார்.

இந்தக் கணக்கை நன்றாகக் கவனியுங்கள். பெரும் பகுதி முதல் நாளிலேயே போய்விடுகிறது. அதன் பிறகு மெதுவாகத்தான் குறைகிறது. பொருள் உள்ள பாடம் இவ்வளவு வேகமாக மறக்காது. ஆனாலும் மறக்கத்தான் செய்யும். 30 வயது அறிஞருக்கே மறந்தது என்றால், 40 வயது நர்சுக்கு மறந்ததில் என்ன அதிசயம்?

எனவே, படித்ததை ஒரு வாரம் கழித்துத் தேடக்கூடாது. மறுநாளே தேட வேண்டும்.

தபால்காரர்கள் கற்ற டைப்

அடுத்த கேள்வி: ஒரே நாளில் நிறையப் படிப்பதா? தினமும் சிறிது படிப்பதா?

இதற்கு விடை சொன்னவர்கள் இங்கிலாந்து நாட்டுத் தபால்காரர்கள்!

அந்த நாட்டில் கடிதங்களை எந்திரத்தால் பிரிக்கும் முறை வந்தது. நம் ஊர் பின்கோடு போல அங்கும் ஒரு குறியீடு உண்டு. அந்தக் குறியீட்டை டைப் அடிக்கும் வேலையைத் தபால்காரர்கள் கற்க வேண்டியிருந்தது. அதுவரை அவர்கள் டைப் அடித்தது இல்லை.

ஆலன் பேட்லி, லாங்மன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் தபால்காரர்களை 4 குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குத் தினமும் 1 மணி நேரம் மட்டும் பயிற்சி. இன்னொரு குழுவுக்குக் காலையில் 2 மணி, மாலையில் 2 மணி என்று தினமும் 4 மணி நேரம். மற்ற இரு குழுக்களுக்கும் தினமும் 2 மணி நேரம். ஆராய்ச்சியின் முடிவு 1978-ம் ஆண்டு வெளிவந்தது.

எழுத்துக்கள் இருக்கும் இடங்களைக் கற்க, 4 மணி நேரக் குழுவுக்குச் சுமார் 50 மணி நேரம் ஆயிற்று. 1 மணி நேரக் குழுவுக்குச் சுமார் 35 மணி நேரமே போதுமானதாக இருந்தது. 15 மணி நேரம் மிச்சம்!

ஆனால் அந்த 1 மணி நேரக் குழுவுக்கு மகிழ்ச்சி இல்லை. 4 குழுக்களிலும் தங்கள் பயிற்சியில் திருப்தி குறைந்தவர்கள் அவர்கள்தான்!

ஏன்? 50 மணி நேரம் என்பது, தினம் 4 மணி படிப்பவருக்கு 13 நாள். 35 மணி நேரம் என்பது, தினம் 1 மணி படிப்பவருக்கு 35 நாள். நாள் கணக்கைப் பார்த்தவர்கள், தாங்கள் பின்தங்கிவிட்டதாக நினைத்தார்கள். மணிக் கணக்கில் முந்தியிருந்தது அவர்கள்தான்!

மூடிய புத்தகம்

திரும்பத் திரும்பப் படிப்பதும் இப்படித்தான் ஏமாற்றும்.

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கு ஹென்றி ரோடிகர், ஜெப்ரி கார்பிக்கி என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 2006-ம் ஆண்டு ஒரு முடிவை வெளியிட்டார்கள்.

மாணவர்களிடம் ஒரு கட்டுரையைக் கொடுத்தார்கள். ஒரு குழு அதை 4 வேளையும் படித்தது. இன்னொரு குழு முதல் வேளை மட்டும் படித்தது. மற்ற 3 வேளையும் கட்டுரையைப் பார்க்காமல், நினைவில் இருந்ததை எழுதியது.

5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது, படித்துக்கொண்டே இருந்த குழுவே வென்றது. அவர்கள் 100-க்கு 83. எழுதிப் பார்த்தவர்கள் 71.

ஒரு வாரம் கழித்து மறுபடியும் சோதனை. படித்துக்கொண்டே இருந்தவர்கள் 40-க்கு இறங்கிவிட்டார்கள். எழுதிப் பார்த்தவர்கள் 61!

சோதனைக்கு முன்பு, “எனக்கு நன்றாக நினைவிருக்கும்” என்று அதிக நம்பிக்கையோடு சொன்னவர்கள் யார்? 40 வாங்கியவர்கள்தான்!

தபால்காரர்கள் நன்றாகக் கற்றும் வருந்தினார்கள். இந்த மாணவர்கள் மறக்கப்போவது தெரியாமல் மகிழ்ந்தார்கள். “புரிந்துவிட்டது” என்ற எண்ணம் வேறு. மனதில் நிற்பது வேறு.

நர்சு என்ன செய்யலாம்?

அவருக்கு வாரத்தில் 4 மணி நேரம்தான் கிடைக்கும். அதை ஒரே நாளில் கொட்டுவதைவிட, தினமும் அரை மணி நேரமாகப் பங்கு போட்டால் நல்லது. அதற்குக் கூடுதல் நேரம் தேவை இல்லை. தினம் அரை மணி என்றால் வாரத்துக்கு மூன்றரை மணி நேரம்தான்!

அந்த அரை மணியில் 15 நிமிடம் படிக்க வேண்டும். பிறகு புத்தகத்தை மூட வேண்டும். நினைவில் இருப்பதை ஒரு தாளில் எழுத வேண்டும். விட்டுப்போனதை மட்டும் புத்தகத்தைத் திறந்து பார்க்க வேண்டும். மறுநாள் புதிய பாடத்துக்கு முன்பு, நேற்றுப் படித்ததைத் தன்னிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் கையில் புத்தகத்தைக் கொடுத்துக் கேள்வி கேட்கச் சொல்லலாம். பிள்ளைகளுக்கு இது மிகவும் பிடிக்கும்!

முதலில் கஷ்டமாக இருக்கும். வெறும் தாள் முறைக்கும். “எனக்கு ஒன்றுமே தெரியவில்லையே” என்று தோன்றும். அந்த இடத்தில்தான் பலர் படிப்பை விட்டுவிடுகிறார்கள். அப்போது தபால்காரர்களை நினைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த முறையை அவர் தன்மீது சோதித்துப் பார்த்தால், நாளைக்குப் பிறருக்குக் கற்றுக்கொடுக்கும்போது மறக்க மாட்டார். புதிய நர்சுக்கு மருந்தின் அளவை ஒரு தடவை சொல்லி, “புரிந்ததா?” என்று கேட்டு நிறுத்த மாட்டார். “புரிந்தது” என்ற பதிலை நம்பவும் மாட்டார். செய்து காட்டுவார். செய்யச் சொல்வார். தவறைத் திருத்துவார். மறுநாள் மறுபடியும் கேட்பார்.

மருந்தின் அளவை மறந்தால், ஆபத்து நோயாளிக்கு அல்லவா?

ஐம்பதில் வளையுமா?

அமெரிக்க மனோதத்துவ நிபுணர் எட்வர்டு தார்ண்டைக், 1928-ம் ஆண்டு வயது வந்தோர் கல்வி பற்றி ஒரு நூல் எழுதினார். 45 வயதுக்கு உட்பட்ட எவரும், வயதாகிவிட்டது என்று பயந்து எதையும் கற்காமல் இருக்க வேண்டியது இல்லை என்று அவர் சொன்னார். இதைச் சொன்னபோது அவருக்கு வயது 50-ஐத் தாண்டியிருந்தது!

ஐந்தில் வேகமாக வளையும். ஐம்பதில் கொஞ்சம் கொஞ்சமாக வளைக்க வேண்டும். வளைவது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வளையும்.

மூடி வைத்த புத்தகத்தை இன்று இரவு திறக்கலாம். அரை மணி நேரம் போதும்!