வீட்டு வாளியில் விளைந்த கரும் பியர்

புளிக்க வைக்கும் கலை எமது அன்னையர்க்குப் புதிதன்று. இரவிலே கரைத்து வைத்த தோசை மா விடியற்காலையில் பொங்கி நிற்பதையும், அப்பத்துக்குக் கரைத்த மாவிற் சிறிது கள் விட்டதும் அது நுரைத்தெழுவதையும் கண்டு வளர்ந்தவர்கள் நாம். ஆயினும், அதே இயற்கை வித்தையைக் கொண்டு மேனாட்டார் தம் இல்லங்களிலேயே கறுத்த பியர் தயாரிக்கும் விதத்தை நேரிற் காணும் வாய்ப்பு, 2018ஆம் ஆண்டு நவம்பரில் நாம் இங்கிலாந்து சென்றிருந்தபோதுதான் கிட்டியது. அங்கே கண்டவற்றுள் ஒரு விபத்தும் அடங்கும். அதனையும் மறைக்காது கூறுவோம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுதல் நன்று. இதைப் படித்துவிட்டு எவரும் குசினிக்குள் வாளியைத் தேட வேண்டியதில்லை. இலங்கையில் அனுமதிப்பத்திரமின்றி மது தயாரித்தல் மதுவரிக் கட்டளைச் சட்டப்படி குற்றமாகும். இங்கிலாந்தின் நிலை வேறு. அங்கும் 1880ஆம் ஆண்டு முதல் வீட்டிற் பியர் தயாரிப்போர் அனுமதிப்பத்திரம் பெறவேண்டியிருந்தது. 1963ஆம் ஆண்டிலே நிதியமைச்சராயிருந்த ரெஜினால்ட் மோட்லிங் அவ்விதியை நீக்கினார். சொந்தப் பாவனைக்குத் தயாரிக்கலாம். விற்றல் ஆகாது என்பதே அன்று முதலான ஏற்பாடு. சாராயம் போன்றவற்றை வீட்டிற் காய்ச்சி வடிப்பது அங்கும் குற்றமே.

பேணியும் வாளியும்

நாம் தங்கியிருந்தது யாழ்ப்பாணத்திலிருந்து அங்கு சென்று குடியேறிய நண்பர் ஒருவரின் இல்லத்தில். அவருடைய பிறந்தநாளுக்கு உடன் பணிபுரிவோர் ஒரு பெட்டியைப் பரிசளித்திருந்தனர். ‘ஸ்டவுட்’ எனப்படும் கரும் பியரை வீட்டிலேயே தயாரிப்பதற்கான பெட்டி அது. 1.7 கிலோகிராம் நிறையுள்ள தகரப் பேணி ஒன்றும், ஈஸ்ட் அடங்கிய சிறு பொட்டலமும், மூடியுள்ள பெரிய வாளியும், அடர்த்தியை அளக்கும் கண்ணாடி மானியும் அதனுள் இருந்தன.

பெட்டியைக் கண்டதும் நண்பரின் துணைவியார் முகஞ் சுளித்தார்.

“இஞ்சருங்கோ, கசிப்புக் காய்ச்சுற வேலையை வீட்டுக்குள்ளேயே தொடங்கப் போறியளோ?” என்று கேட்டார். குடியினாற் குடும்பங்கள் சிதைந்ததை ஊரிலே கண்டவர் அவர். அவரது அச்சம் நியாயமானதே. “ஆண்டுக்கு ஒருமுறை மட்டும். அதுவும் நண்பர்களுக்கு” என நண்பர் வாக்களித்த பின்னரே பேணி திறக்கப்பட்டது.

பேணிக்குள் இருந்தது கரும்பாகு போன்றதொரு திரவம். பார்லியை நனைத்து முளைக்கவைத்து உலர்த்தினால் அது மோல்ட் ஆகும். அதனை வெந்நீரில் ஊறவைத்தால், தானியத்தின் மாப்பொருள் சர்க்கரையாக மாறி நீரிற் கரையும். அந்நீரை ஹொப்ஸ் என்னும் கொடியின் கைப்புப் பூக்களோடு சேர்த்துச் சுண்டவைத்ததே பேணிக்குள் இருக்கும் பாகு. ஸ்டவுட்டின் கருநிறமும் கோப்பியை ஒத்த மணமும் கரிய வறுத்த பார்லியினால் வருபவை. கடினமான வேலை முழுவதையும் ஆலையே முடித்துவிடுவதால், வீட்டாருக்கு எஞ்சுவது கரைத்தலும் காத்திருத்தலுமே.

செய்முறை சுருக்கமானது. வாளி, அகப்பை, மூடி அனைத்தையும் கிருமிநீக்கியாற் கழுவவேண்டும். பாகையும் ஒரு கிலோகிராம் சீனியையும் வெந்நீரிற் கரைத்து, குளிர்நீர் சேர்த்து 23 லீற்றராக்க வேண்டும். சூடு 20 பாகை செல்சியஸ் அளவுக்குத் தணிந்ததும் ஈஸ்டைத் தூவி மூடவேண்டும். எமது விஞ்ஞான நூல்கள் மதுவம் என்று குறிப்பிடும் இச்சிற்றுயிர், சர்க்கரையை உண்டு மதுசாரத்தையும் காபனீரொட்சைட்டையும் வெளிவிடுகின்றது. பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் 1876ஆம் ஆண்டில் பியரைப் பற்றித் தனியொரு நூலே எழுதி, வேண்டாத நுண்ணுயிர்கள் புகுவதாலேயே அது கெடுகின்றது என்பதை விளக்கினார். கழுவும் வேலையில் நண்பர் காட்டிய சிரத்தை, பாஸ்டரே கண்டு மெச்சத்தக்கதாயிருந்தது. தவறு வேறிடத்தில் நேர்ந்தது.

நள்ளிரவு வெடி

நத்தாருக்கு விருந்தினர் வரவிருந்தனர். அதற்குள் எல்லாம் ஆயத்தமாகிவிட வேண்டுமென்பது நண்பரின் அவா. வாளி வைக்கப்பட்ட அறையோ குளிர் மிகுந்தது. ஐந்தாம் நாள் நுரையும் குமிழியும் அடங்கின. புளிப்பு முடிந்ததென்று எண்ணிய அவர், கண்ணாடி மானியை எடுத்துப் பாராமலே போத்தல்களில் நிரப்பினார். போத்தலிலே வாயு உண்டாவதற்காகச் சிறிது சீனி இடுவது வழக்கம். அரைத் தேக்கரண்டி போதுமென்றிருந்த இடத்தில் முழுத் தேக்கரண்டி இட்டார். சுமார் 45 போத்தல்களை இறுக மூடி, மாடிப்படியின் கீழுள்ள அலுமாரியில் அடுக்கினார். வெந்நீர்க் குழாய் செல்லும் வெதுவெதுப்பான இடம் அது. அவருடைய நான்கு வயது மகளின் விளையாட்டுப் பொருள்களும் அங்கேதான் இருந்தன.

இரண்டு வாரம் சென்று, ஒரு நள்ளிரவில் துப்பாக்கி வெடித்தாற் போன்ற ஓசை கேட்டு விழித்தோம். எழுந்து ஓடுவதற்குள் மேலும் இரண்டு வெடித்தன. அலுமாரிக் கதவின் கீழிருந்து கருநிற நுரை வழிந்தது. கதவைத் திறக்கப் போன நண்பரைக் கையைப் பிடித்து நிறுத்தினோம். மறுநாட் காலை அவர் தடித்த மேலங்கியும் கண்காப்பும் கையுறையும் அணிந்து, எஞ்சிய போத்தல்களைக் கம்பளியாற் போர்த்து வெளியே கொண்டுசென்று, ஒவ்வொன்றாக மூடியைத் தளர்த்தி ஊற்றினார். குழந்தையின் மரக் குதிரையின் கழுத்திலே விரல் நீளக் கண்ணாடித் துண்டொன்று ஏறியிருந்தது. அதைக் கையிலெடுத்த துணைவியார் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்த மௌனத்தைவிட ஏச்சு எவ்வளவோ மேலாயிருந்திருக்கும்.

காரணத்தை அன்று மாலையே ஆராய்ந்தோம். குளிரினால் ஈஸ்ட் உறங்கியதேயன்றித் தன் வேலையை முடித்திருக்கவில்லை. உண்ணப்படாத சர்க்கரை பாகிலே மிஞ்சியிருந்தது. சூடான அலுமாரியில் அது விழித்தெழுந்து, மிஞ்சியதையும் மேலதிகமாய் இட்ட சீனியையும் உண்டு வாயுவைப் பெருக்கியது. வெளியேற வழியற்ற வாயு கண்ணாடியைப் பிளந்தது. குமிழி அடங்குவது சான்றன்று. மானியின் அளவு நாட்கணக்காக மாறாதிருப்பதே சான்று. நீரின் அடர்த்தியை 1000 எனக் கொள்ளும் அம்மானி, சர்க்கரை குறையக் குறையத் தானும் இறங்கிக் காட்டும்.

மெழுகு போன்ற நுரை

இனி இவ்வீட்டில் பியர் என்ற பேச்சே எழாது என்று எண்ணினோம். ஆனால் ஜனவரி மாதத்தில் துணைவியாரே, “செய்யிறதெண்டால் சரியாச் செய்யுங்கோ. கராச்சிலை வையுங்கோ. பிள்ளையின்ரை கண்ணிலை படக்கூடாது” என்றார். நண்பர் இம்முறை அவசரப்படவில்லை.

ஸ்டவுட்டின் சிறப்பு அதன் மெழுகு போன்ற மென்மை. டப்ளின் நகரிலே 1759ஆம் ஆண்டில் ஆதர் கின்னஸ் என்பார் ஆண்டுக்கு 45 பவுண் வாடகைக்கு, 9000 ஆண்டுக் குத்தகையில் ஓர் ஆலையைப் பெற்றார். அவ்வாலையின் கரும் பியரே உலகெங்கும் பெயர் பெற்றது. அங்கு பணியாற்றிய கணித வல்லுநர் மைக்கல் ஆஷ், 1959இல் காபனீரொட்சைட்டோடு நைதரசனையும் சேர்த்துப் பியரை வார்க்கும் முறையை உருவாக்கினார். நைதரசன் நீரிற் கரைவது மிகச் சொற்பம். ஆகவே அது நுண்ணிய குமிழிகளாக எழுந்து, பாலாடை போன்ற நுரையாய் நிலைத்து நிற்கும்.

வீட்டிலே நைதரசனுக்கு வழியில்லை. எனவே நண்பர் வேறு உபாயங்களைக் கையாண்டார். சீனி முழுவதும் மதுசாரமாகிப் பானத்தை மெலிவிக்கும் என்பதால், அதற்குப் பதிலாக ஒரு கிலோகிராம் மோல்ட் தூள் சேர்த்தார். பாற் சர்க்கரையாகிய இலக்டோஸ் 250 கிராமும் இட்டார். அதனை இவ்வகை ஈஸ்ட் உண்ணமாட்டாது. ஆதலால் அது அப்படியே தங்கி வழுவழுப்பையும் இன்சுவையையும் தரும். பால் ஒவ்வாதோருக்கு இதனைச் சொல்லியே கொடுக்கவேண்டும்.

இம்முறை வாளி 20 பாகைச் சூடுள்ள இடத்தில் இருந்தது. 1042இல் தொடங்கிய அளவு பன்னிரண்டாம் நாள் 1016இல் நின்றது. அடுத்த இரு நாட்களும் அதே 1016. அதன் பின்னரே போத்தல்கள் நிரம்பின. அரைத் தேக்கரண்டிச் சீனிதான். இரண்டு நாள் வெதுவெதுப்பிலும், பின்னர் ஐந்து வாரம் கராச்சின் குளிரிலும் அவை காத்திருந்தன. எதுவும் வெடிக்கவில்லை.

மார்ச் மாதத்தில், நாம் தாயகம் திரும்புவதற்கு முதல்நாள் மாலை முதற் போத்தல் திறக்கப்பட்டது. கண்ணாடிக் குவளையிலே கருமை. அதன்மேல் விரற்கடை உயரத்துக்கு மங்கிய பழுப்பு நுரை. ஆலையின் நுரையளவு அது நிலைக்கவில்லை. ஆனால் வாயிலே வழுக்கிச் சென்ற மென்மையும், கரிய கோப்பியின் கைப்பும், ஈற்றிலே தோன்றிய இலேசான இனிப்பும் நெடுநேரம் நாவில் நின்றன. மது அருந்தாத துணைவியார் குவளையை வாங்கி முகர்ந்து பார்த்தார்.

“எங்கடை அம்மா கோப்பிக்கொட்டை வறுக்கிற மணம்” என்றார். பிறகு எழுந்து சென்று, கராச்சின் பூட்டு சரியாகப் போடப்பட்டிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

புளிப்பது மாவாயினும் பியராயினும் அதற்கென ஒரு காலம் உண்டு. மனிதனின் அவசரம் அதற்குத் தெரியாது. அந்தக் காலத்தை அளந்தறிந்து காத்திருப்பவனுக்கே அது பயன் தரும். மரக் குதிரையின் கழுத்திலிருந்து எடுத்த கண்ணாடித் துண்டை நண்பர் எறிந்துவிடவில்லை. அந்த மானியோடு ஒரே பெட்டியில் வைத்திருக்கிறார்.