மகளுக்குக் கட்டிய வீடு

கானாடுகாத்தானில் 'விசாலம்' ஹோட்டலில் அறை எடுப்பவர்கள் ஒரு பெண்ணின் வீட்டில்தான் தங்குகிறார்கள். மகன்களை எண்ணி வீடு கட்டிய செட்டிநாட்டில், ராமநாதன் செட்டியார் தம் மகள் விசாலாட்சிக்காக எழுப்பிய வீடு அது. இன்று சி.ஜி.எச். எர்த் நிறுவனம் 15 அறைகளோடு அதை நடத்துகிறது.

பதினைந்தே அறை. ஆனால் செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தாரின் வீட்டை ஹோட்டலாக்குவது சின்ன வேலை இல்லை.

முதல் தலைவலி குளியலறை. வளவு எனப்படும் உள்முற்றத்தைச் சுற்றி, கல்யாணமான மகனுக்கு ஒன்று என அறைகள் இருக்கும். படுக்க அல்ல; சீர் சாமான், பாத்திரம், பட்டு எல்லாம் வைத்துப் பூட்ட. இப்படிப்பட்ட வீட்டில் அறைக்கொரு குளியலறை என்றால் குழாயை எந்தச் சுவரில் கொண்டுபோவது? சுவரோ சுண்ணாம்பு, கடுக்காய், கருப்பட்டி, முட்டை வெள்ளைக்கரு என அடுக்கடுக்காகப் பூசி, கல்லால் தேய்த்து மெருகேற்றியது. கை வைத்தால் கோடையிலும் சில்லென்றிருக்கும். அதை உடைத்துவிட்டு சிமென்ட்டால் ஒட்டுப் போட்டால் ஈரம் உள்ளேயே தங்கி, பக்கத்துப் பூச்சையும் உரித்துவிடும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடித்தான் ஆக வேண்டும்.

தரைக்கு அவ்வளவு கவலையில்லை. ஆத்தங்குடியில் இன்றும் கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையைக் கையால் ஊற்றித் தரைக்கல் செய்கிறார்கள். தண்ணீரில் ஊறிய பிறகு கண்ணாடியை எடுத்தால், அதன் வழுவழுப்பு கல்லுக்கு வந்திருக்கும். பழைய கல் ஒன்று உடைந்தால் அதே பூவைத் திரும்பச் செய்துகொள்ளலாம்.

பங்குதான் தீராத சிக்கல். பர்மாவில் வட்டித்தொழில் செய்து, அங்கிருந்து தேக்கு கொண்டுவந்து கட்டிய வீடுகள் பல. 1942-ல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்ததும் அந்த வருமானம் ஆட்டம் கண்டது. பிள்ளைகள் சென்னைக்கும் கடல் கடந்தும் போனார்கள். ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள். ஓடு மாற்றக்கூட எல்லோரும் சம்மதிக்க வேண்டும். சம்மதிக்காவிட்டால் மழை முடிவு செய்துவிடும்.

தப்பிய வீடுகளும் உண்டு. கொத்தமங்கலத்தில் 'சாரதா விலாஸ்' வீட்டை இரண்டு பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் புதுப்பித்து விருந்தினர் இல்லமாக்கினார்கள். 2014-ல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. அது பாதுகாப்புச் சட்டம் ஆகாது. இடிக்க நினைப்பவரைத் தடுக்காது.

இடித்த வீடுகளின் மிச்சம் காரைக்குடி பழம்பொருள் கடைகளில் கிடைக்கிறது. தேக்குத் தூண், நிலைக்கதவு, எனாமல் தூக்கு, பெல்ஜியம் கண்ணாடி. எங்கோ புதிதாக எழும்பும் ரிசார்ட்டுகளும் 'பழைய வீட்டுக் களை' வேண்டி அங்கேதான் தூண் வாங்குகின்றன.