உடலுக்கேற்ற வீணை

வீணை கற்கத் தொடங்குவோருக்கு முதலில் வலிப்பது விரல்நுனி. தந்தியை அழுத்தி அழுத்தித் தோல் தடித்ததும் அவ்வலி அடங்கிவிடும். தோளிலும் மணிக்கட்டிலும் முதுகிலும் எழும் வலி அத்தகையதன்று. பயிற்சி கூடக் கூட அதுவும் கூடும். நல்ல செவியும் ஆர்வமும் உள்ள மாணவர் சிலர் பாதியிலேயே வகுப்பை விட்டு விலகுவதற்கு இவ்வலியும் ஒரு காரணம். பிறரோ அதைச் சோம்பல் என்று எண்ணிக்கொள்வர்.

வயலின் கற்கும் சிறுவருக்கு இத்தொல்லை குறைவு. கால், அரை, முக்கால் என வயலின் பல அளவுகளில் கிடைக்கிறது. அதைப் பிடிக்கும் முறையும் நம் இசைக்கேற்ப மாறியுள்ளது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்த இக்கருவியை, மேலைநாட்டார் தாடையின்கீழ் வைத்து வாசிப்பர். நம் கலைஞர்களோ தரையில் அமர்ந்து, அதன் தலைப்பகுதியை வலக்காலின்மேல் ஊன்றிக்கொள்கின்றனர். கருவியைத் தாங்கும் வேலை இல்லாததால் இடக்கை தந்தியில் தடையின்றி வழுக்கிச் செல்கிறது.

வீணையின் நிலை வேறு. தஞ்சாவூர் வீணை பெரும்பாலும் ஏறத்தாழ நான்கடி நீளத்தில், பலா மரத்தில் செய்யப்படுகிறது. 24 மெட்டுகளும் 7 தந்திகளும் கொண்ட இவ்வமைப்பு, 17ஆம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்தில் நிலைபெற்றதாகக் கூறுவர். 2013இல் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வளர்ந்தவருக்குப் பொருந்தும் இதே வீணையைத்தான் பன்னிரண்டு வயது மாணவியும் மடியில் ஏந்துகிறாள்.

பிரிக்பீல்ட்ஸ் பெர்ஹாலா சாலையில் உள்ள டெம்பல் ஆப் பைன் ஆர்ட்ஸ் போன்ற கலைக்கூடங்களிலும், கிள்ளான் வட்டாரத்து ஆசிரியர்களின் வீடுகளிலும் கர்நாடக இசை பயில்வோர் பலர். இங்குள்ளோர் வாங்கும் வீணைகள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வருபவை. ஆகவே, உடலுக்கேற்ற வீணை வேண்டுவோர் தம் அளவுகளைக் கடல் கடந்து அனுப்ப வேண்டும்.

எந்த அளவுகள் தேவை? சம்மணமிட்டு அமர்ந்த நிலையில் தரையிலிருந்து முழங்கை, இடத்தொடை ஆகியவற்றின் உயரம், இடத்தோளிலிருந்து விரல்நுனி வரையுள்ள நீளம், விரல்களின் பருமன். வாசிப்பவரின் வலக்கை குடத்தின் விளிம்பில் படிகிறது. குடம் அளவுக்கு மீறிப் பெரிதாயின் வலத்தோள் உயர்ந்து, மணிக்கட்டு மடங்கும். தண்டி நீண்டிருந்தால் யாளி முகத்தை அடுத்த மெட்டுகளை எட்டுவதற்கு உடல் முழுவதும் இடப்புறம் சாயும். வலி பிறக்கும் இடங்கள் இவையே.

அப்படியானால் வீணையைச் சிறிதாக்கிவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். தந்தியின் நீளத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்து, இழுவிசையை மாற்றாமல் விட்டால் சுருதி ஏறக்குறைய இரண்டு அரைச்சுரம் உயரும். பழைய சுருதியே வேண்டுமென்றால் இழுவிசையை ஐந்தில் ஒரு பங்கு குறைக்க நேரிடும். தளர்ந்த தந்தி மெட்டில் மோதி இரையும். தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து எழுப்பும் கமகமும் பிடி கொடுக்காது. சற்றுப் பருத்த தந்தியைப் பூட்டி இதனைச் சரிசெய்யலாம். ஆனால், குடம் சிறுத்தால் மந்தர நாதத்தின் கனமும் குறையும். அதை ஈடுசெய்வது எளிதன்று. தண்டி குறுகும்போது மேல் ஸ்தாயி மெட்டுகளும் நெருங்கிவிடும். பருத்த விரல் உடையவருக்கு அங்கே இடம் போதாது.

ஆகவே, புதிய வீணைக்குச் சொல்வதற்கு முன்பு சுரைக்குடுக்கையைக் கவனிப்பது நல்லது. இடத்தொடைமேல் அமரும் இவ்வுறுப்பு, நாதத்தைப் பெருக்குவதைவிடத் தண்டியைத் தாங்குவதற்கே மிகுதியாகப் பயன்படுகிறது. பெரும்பாலும் திருகிப் பொருத்தப்படுவதால் இதைக் கழற்றி மாற்றவும் முடியும். சிறிய குடுக்கை ஒன்றைப் பூட்டி, குடத்தின் கீழ் மடித்த துணியோ மெத்தையோ வைத்தாலே சிலருக்குத் தோள்வலி நீங்கிவிடும். செலவும் குறைவு.

அதற்கும் தீராத வலி உடையவர், இடக்கைப் பழக்கம் உடையவர் ஆகியோருக்கு வீணையைத் தனியாகவே செய்யச் சொல்ல வேண்டும். எண்களோடு, அமர்ந்து வாசிக்கும் நிலையில் முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் எடுத்த படங்களையும் அனுப்பினால் தச்சருக்கு உதவியாக இருக்கும். வளரும் பிள்ளையாயின், இன்றைய அளவுக்கு இறுக்கமாகச் செய்யாமல் சற்றே இடம்விட்டுச் செய்யச் சொல்வது அறிவுடைமை.

வீணை வந்து சேர்ந்ததும் உடனே வாசிக்க இயலாமற் போகலாம். மெட்டுகள் கரி கலந்த மெழுகின்மேல் பதிக்கப்பட்டவை. பயண வெப்பத்தில் மெழுகு இளகினால் அவை இடம்பெயரும். நம் நாட்டின் ஈரக்காற்றில் மரமும் சிறிது அசையும். மெழுகை இளக்கி, ஒவ்வொரு மெட்டையும் செவியால் அளந்து மீண்டும் பதிப்பதை மேளம் கட்டுதல் என்பர். அது தெரிந்த ஒருவர் கிள்ளான் பள்ளத்தாக்கில் எங்கே இருக்கிறார் என்று, வீணைக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே ஆசிரியரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.